சுமக்க நாலு பேர்

ஒரு வங்காளத் தச்சர் குடும்பம் 1800-ம் ஆண்டு வேற்றாரோடு உட்கார்ந்து சாப்பிட்டது. பிறகு கலப்புக் கல்யாணம் நடத்தியது. பிறகு ஒரு சவப்பெட்டி தோள் மாறியது. கொல்கத்தாவுக்கு அருகே செராம்பூரில் நடந்த இந்தக் குடும்பக் காரியங்களின் எதிரொலி தஞ்சாவூர் வரை கேட்டது.

‘போகும்போது தூக்க நாலு பேர் வேண்டாமா?’ என்பது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு. ஊரோடு ஒத்துப் போகாதவனைப் பயமுறுத்த இதைவிட நல்ல வாசகம் கிடையாது. வில்லியம் கேரிக்கு 1794-ல் அந்த நாலு பேர் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்து, பிறகு பாப்டிஸ்ட் போதகராகி, 1793 நவம்பரில் கல்கத்தாவில் வந்து இறங்கியவர் கேரி. கையில் காசில்லை. வட வங்காளத்தில் மத்னாபதி என்ற கிராமத்தில் அவுரித் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலில் இறந்தான். சவப்பெட்டி செய்ய எந்தத் தச்சரும் முன்வரவில்லை. குழி தோண்ட ஆள் இல்லை. பலரிடம் கேட்டு அலுத்த பிறகு நான்கு முஸ்லிம்கள் ஒப்புக்கொண்டு குழி வெட்டினார்கள். அதற்காக ஊர்த் தலைவர் அவர்களைத் தள்ளிவைத்தார். பிணத்தைத் தூக்க யாரும் வராததால், காய்ச்சலில் கிடந்த தகப்பனும் தாயுமே சுமந்து போவதா என்று யோசிக்க வேண்டிய நிலை. கடைசியில் கழிவு அள்ளும் வேலைக்காரர் ஒருவரும், ஏற்கெனவே சாதி இழந்திருந்த ஒரு பையனும் கிடைத்தார்கள்.

அந்தச் சாவு தாயை உடைத்துவிட்டது. டாரதி கேரி எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண். இந்தியாவுக்கு வரவே மாட்டேன் என்று முதலில் மறுத்தவர். தங்கையும் துணைக்கு வருவாள் என்றானபோதுதான் கப்பலேறினார். பீட்டர் போன மறு வருடத்திலிருந்து அவருக்குப் புத்தி பேதலித்தது. கணவன் மீது ஓயாத சந்தேகம், கூச்சல். 1807 டிசம்பரில் இறக்கும் வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே வைத்துக் கவனிக்கப்பட்டார். கேரியைப் பற்றிய பழைய புத்தகங்கள் இந்தப் பெண்ணை, பெரிய மனிதரின் காலில் விழுந்த தளை போலத்தான் சித்தரிக்கும். அது நியாயமில்லை. விருப்பமில்லாமல் கடல் கடந்து வந்து, வந்த இடத்தில் பிள்ளையைப் புதைக்க ஆள் இல்லாமல் தவித்தவர் அவர்.

டேனிஷ் கொடிக்குக் கீழே

கேரி 1800 ஜனவரி 10 அன்று குடும்பத்தோடு செராம்பூருக்குக் குடிபெயர்ந்தார். வங்காளிகள் வாயில் இது ஸ்ரீராம்பூர். ஹவுராவிலிருந்து பண்டேல் போகும் லோக்கல் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் ஊர்; எதிர்க்கரையில் பாரக்பூர். இன்று கொல்கத்தாப் பெருநகரம் இதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. அன்று கிராமங்கள் சூழ்ந்த சிற்றூர். நிர்வாகம் டென்மார்க் அரசருடையது. டேனிஷ்காரர்கள் 1755-ல் இங்கே வந்து, தங்கள் அரசரின் நினைவாக ஃபிரெடரிக்ஸ்நகர் என்று பெயரிட்டார்கள். பெயர் ஒட்டவில்லை.

தமிழர்களுக்கு இந்தக் கொடி பழக்கமானதுதான். தரங்கம்பாடியும் இதே அரசருடைய சொத்து. இரண்டு ஊர்களையும் 1845-ல் ஒரே பத்திரத்தில், பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு, டென்மார்க் ஆங்கிலேயர்களிடம் விற்றது.

மிஷனரிகள் இங்கே ஒதுங்கியதற்குக் காரணம் பக்தி அல்ல, அரசியல். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தன் எல்லைக்குள் மதப் பிரசாரம் நடப்பது பிடிக்காது. வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயம். கேரிக்கு உதவியாக 1799 அக்டோபரில் வந்த ஜோஷுவா மார்ஷ்மன், அச்சுத் தொழில் தெரிந்த வில்லியம் வார்டு முதலானவர்களைக் கல்கத்தாவில் தங்க விடவில்லை. செராம்பூர் கவர்னர் ஓலே பீ அவர்களுக்கு இடம் கொடுத்தார்.

எல்லோரும் ஒரே வளாகத்தில் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தார்கள். சம்பாத்தியம் பொதுப் பெட்டியில். சாப்பாடு ஒரே மேஜையில். பள்ளிக்கூடம் நடத்தி வருமானம் கொண்டுவந்ததோடு, தாயின் கவனிப்பு இல்லாமல் அடங்காப் பிள்ளைகளாகத் திரிந்த கேரியின் மகன்களையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் மார்ஷ்மனின் மனைவி ஹானா. இவர் இல்லாவிட்டால் அந்தக் கூட்டுக் குடும்பம் ஓராண்டு கூடத் தாங்கியிருக்காது. ஆனால் கேரி இந்தியாவுக்கு வந்து ஏழு ஆண்டுகள் முடிந்தும் ஒரு வங்காளி கூட ஞானஸ்நானம் பெற்றிருக்கவில்லை. கேட்பவர்கள் இருந்தார்கள், தலையாட்டுபவர்களும் இருந்தார்கள். சாதியை விட்டு வருபவர்தான் இல்லை.

தச்சர் வீடு

கிருஷ்ண பால் செராம்பூரில் தச்சு வேலை செய்தவர். வயது சுமார் 36. மனைவி ராசு, மகள்கள், மனைவியின் சகோதரி ஜயமணி என்று பெண்கள் நிறைந்த வீடு. ஏற்கெனவே கோஷ்பாராவைத் தலைமையிடமாகக் கொண்ட கர்த்தாபஜா என்ற பக்திக் கூட்டத்தில் பல ஆண்டுகள் இருந்தவர். வேதியர்களுக்கும் சடங்குகளுக்கும் பெரிய இடம் தராத, எல்லாச் சாதியினரும் சேரக்கூடிய கூட்டம் அது. அதனால் புதிய போதனையைக் காது கொடுத்துக் கேட்கும் பக்குவம் அவருக்கு இருந்தது. மிஷனரி நூல்கள் பல, ஏதோ வெற்றுப் பலகையில் எழுதியது போல அவருடைய மனமாற்றத்தை விவரிப்பது சரியல்ல.

1800 நவம்பர் 25. படித்துறையில் கால் வழுக்கி விழுந்ததில் கிருஷ்ண பாலுக்கு வலது தோள் நழுவிவிட்டது. தச்சருக்கு வலது கை போனால் அடுப்பு அணைந்துவிடும். மிஷன் வளாகத்தில் இருந்த டாக்டர் ஜான் தாமஸ் வந்து, தோளைப் பொருத்திக் கட்டிவிட்டார். வலி குறைந்ததும் பேச்சு தொடங்கியது. நண்பர் கோகுலையும் கூட்டிக்கொண்டு கிருஷ்ண பால் மிஷன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். கேட்டதை வீட்டில் வந்து பெண்களிடம் சொன்னார்.

டிசம்பர் 22 அன்று கிருஷ்ண பாலும் கோகுலும் மிஷனரிகளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜெபம் அல்ல, பிரசங்கம் அல்ல. இந்தச் சாப்பாடுதான் எல்லை தாண்டிய கணம். மேஜையில் பரிமாறிய வேலைக்காரர்கள் திகைத்துப் போனார்கள் என்று வார்டு தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஓர் இந்து தானாக முன்வந்து வெள்ளைக்காரரோடு சாப்பிடுவான் என்று அவர்கள் கனவிலும் நினைத்ததில்லை. சாப்பிட்டவர் ஒரு தச்சர். உடன் உட்கார்ந்தவர் முன்னாள் செருப்புத் தொழிலாளி. கேரியின் பழைய தொழில் ஊராருக்குத் தெரிந்திருந்தால் கூச்சல் இன்னும் பலமாக இருந்திருக்கும்.

செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. சுமார் இரண்டாயிரம் பேர் திரண்டு கிருஷ்ண பாலையும் கோகுலையும் டேனிஷ் நீதிபதி முன்பு இழுத்துப் போனார்கள். என்ன குற்றம் என்று நீதிபதி கேட்டார். யாரோடு சாப்பிட்டார்கள் என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இல்லை. விட்டுவிட்டார். கூட்டம் வேறொரு புகாரோடு திரும்பி வந்தது: மகளை ஏற்கெனவே நிச்சயித்த மாப்பிள்ளைக்கு அனுப்ப மறுக்கிறான். இம்முறை விஷயம் கவர்னர் வரை போனது. பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக அவளைக் கட்டாயப்படுத்த முடியாது என்றார் ஓலே பீ. வீட்டுக்குக் காவலாக ஒரு சிப்பாயையும் நிறுத்தினார்.

டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. மிஷன் வீட்டுக்கு எதிரே ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம். கோகுலும் இரண்டு பெண்களும் கடைசி நேரத்தில் தயங்கிப் பின்வாங்கிவிட்டார்கள். வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆகவே இறங்கியவர்கள் இரண்டே பேர்: கேரியின் மூத்த மகன் ஃபெலிக்ஸ், அடுத்து கிருஷ்ண பால். இந்த நதி எங்களுக்குப் புனிதமானது அல்ல, இது வெறும் தண்ணீர்தான் என்று கரையில் நின்றவர்களிடம் கேரி விளக்கினார். கங்கைக் கரையில் அப்படிச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். கவர்னர் கண்ணீர் விட்டதாகக் குறிப்பு இருக்கிறது.

அதே நேரத்தில் வளாகத்தில் இரண்டு குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் டாரதி. மறு பக்கம், தோளைப் பொருத்திய டாக்டர் தாமஸ். பல ஆண்டுக் காத்திருப்பு முடிந்த சந்தோஷத்தில் அவருக்கும் சித்தம் கலங்கி, பள்ளிக்கூட அறையில் அடைக்க வேண்டியதாயிற்று. ஒரு வங்காளியின் முதல் பாப்டிஸ்ட் ஞானஸ்நானத்துக்குப் பின்னணி இசை இதுதான்.

கோலக்கின் வழக்கு

பெண்களின் தயக்கம் நீடிக்கவில்லை. 1801 தொடக்கத்தில் ஜயமணியும் ராசுவும் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஜயமணிதான் வங்காளப் பெண்களில் முதலாமவர். அந்த ஜூன் மாதம் கோகுலும் வந்தார். அவருடைய மனைவி முதலில் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய், பிறகு திரும்பினார். அடுத்தடுத்த வீடுகளில் ஒரே வாக்குவாதம், ஒரே அழுகை, ஒரே சமாதானம்.

அதிகமாக விலை கொடுத்தவள் கிருஷ்ண பாலின் மகள் கோலக். இன்னும் சிறுமிப் பருவம் தாண்டாதவள். விவரம் அறியாத வயதில் கல்கத்தாக்காரர் ஒருவருக்குப் பேசி முடிக்கப்பட்டிருந்தாள். 1801-ல் ஒருநாள் அந்த மாப்பிள்ளை ஆட்களோடு வந்து அவளைப் பலவந்தமாகத் தூக்கிப் போனார். பின்தொடர்ந்து ஓடிய தகப்பனுக்கு அடி விழுந்தது. போகும் வழியில் ஒரு காவல் நிலையத்தைக் கண்டதும் கோலக் கத்தினாள். தான் கிறிஸ்தவளானது சொந்த விருப்பத்தில் என்றும், இந்த மனிதரோடு போகச் சம்மதமில்லை என்றும் சொன்னாள்.

வழக்கு கல்கத்தா மாஜிஸ்டிரேட்டிடம் போயிற்று. மதம் அவள் விருப்பம், அதில் தலையிட மாட்டோம். ஆனால் திருமண ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்றார் அவர். கணவனோடுதான் போக வேண்டும். செராம்பூர் கவர்னர் ஒரு தீர்ப்பு, சில மணி நேரப் படகுப் பயணத் தூரத்தில் கம்பெனி மாஜிஸ்டிரேட் வேறொரு தீர்ப்பு. மத சுதந்திரம் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே, மனசாட்சி ஒரு வீட்டிலும் உடம்பு ஒரு வீட்டிலும் இருக்கட்டும் என்று சொன்ன தீர்ப்பு அது. கோலக் பின்னர் தகப்பன் வீட்டுக்கே திரும்பி வந்து ஞானஸ்நானம் பெற்றாள்.

இப்படிப்பட்ட வழக்குகள் பெருகப் பெருக, சட்டம் மெதுவாகத்தான் பின்னால் வந்தது. மதம் மாறியவர் சொத்துரிமையை இழக்க மாட்டார் என்ற சட்டம் 1850-ல் வந்தது. மதம் மாறியதால் வாழ்க்கைத் துணை கைவிட்டால் மணமுறிவு கேட்கலாம் என்று சொன்னது 1866-ம் ஆண்டுச் சட்டம். கோலக் கத்தி அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு!

மரத்தடிக் கல்யாணம்

இன்னொரு மகள் ஆனந்தாவின் கதை வேறு மாதிரி. கிருஷ்ண பிரசாத் என்ற பிராமண இளைஞர் 1803 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். பூணூலைக் கழற்றிக் காலில் போட்டு மிதித்துவிட்டு, வார்டிடம் கொடுத்தார். வார்டு அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், வேறு பூணூல் வாங்கிக்கொள்ளக் காசும் கொடுத்தார். உடையும் பெயரும் போன்ற விஷயங்களில் செராம்பூர்க்காரர்கள் பிடிவாதம் காட்டவில்லை. மதம் மாறியவர்களின் பெயரை அவர்கள் மாற்றவே இல்லை. கிருஷ்ணன் பெயரை வைத்திருந்தவர் கிருஷ்ண பாலாகவே சபையில் சேர்ந்தார், அப்படியே போதகரானார். விட்டுக்கொடுக்காதது ஒன்றே ஒன்று: ஒன்றாக உட்கார்ந்து உண்பது. திருவிருந்தில் சாதிக்கு ஒரு வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதில் உறுதியாக இருந்தார்கள்.

கிருஷ்ண பிரசாதுக்கும் ஆனந்தாவுக்கும் 1803 ஏப்ரலில் கல்யாணம். கிருஷ்ண பாலின் வீட்டு வாசலில் இருந்த மரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென்று திருமணச் சட்டம் அப்போது கிடையாது; அது பின்னாளில்தான் வந்தது. வங்காளத்தில் சூத்திரப் பெண்ணைப் பிராமணர் கட்டுவதற்கு முறை சொல்ல எந்தப் புரோகிதரும் இல்லை. கேரியே எளிய முறை ஒன்றை வகுத்தார். வங்காளிப் பாட்டு, வேத வாசிப்பு, கைகோத்து வாக்குறுதி, எழுதி வைத்த ஒப்பந்தத்தில் ஒப்பம். அவ்வளவுதான்.

அன்றிரவு தச்சர் வீட்டிலேயே விருந்து. பிராமணர், சூத்திரர், வெள்ளைக்காரர் எல்லோருக்கும் ஒரே பந்தி. சுமார் இரண்டு வருடத்துக்கு முன்னால் கிருஷ்ண பால் அவர்கள் மேஜைக்குப் போனார். இப்போது அவர்கள் அவர் வீட்டுச் சோற்றுக்கு வந்தார்கள். இது சாதாரண வித்தியாசம் அல்ல. துரை வீட்டில் போய்ச் சாப்பிடுவது சலுகையாக இருந்துவிடலாம். தன் அடுப்பில் சமைத்ததைப் பிராமண மருமகனுக்கும் துரைமாருக்கும் ராசு பரிமாறியது சம உறவு.

அதே ஆண்டு அக்டோபரில் கோகுல் இறந்தார். சபைக்கு வந்த வங்காளிகளில் முதல் சாவு. அடக்கம் செய்ய அதற்குச் சில நாட்கள் முன்புதான் நிலம் வாங்கியிருந்தார்கள். கேள்வி பழையதுதான்: யார் தூக்குவது? வெள்ளைக்காரர்களின் சவங்களையே கூலிக்கு வரும் ஏழைப் போர்ச்சுகீசிய வம்சத்தினர்தான் சுமப்பது வழக்கம். சொந்தச் சாதியார் கோகுலைத் தொட மாட்டார்கள். வெள்ளைத் துணி போர்த்திய பெட்டியை நான்கு பேர் தோளில் எடுத்தார்கள். ஒருவர் மார்ஷ்மன். ஒருவர் கேரியின் மகன் ஃபெலிக்ஸ். ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற பிராமணர் பைரவ். இன்னொருவர் முஸ்லிமாகப் பிறந்து சபைக்கு வந்த பீரு. தெருவில் நின்ற ஜனங்கள் வாயடைத்துப் பார்த்தார்கள். மத்னாபதியில் தம்பி பீட்டரைத் தூக்க ஆள் இல்லாமல் பெற்றோர் தவித்ததைக் கண்ட அண்ணன்தான் இந்த ஃபெலிக்ஸ்.

தஞ்சாவூர் வேறு பதில் சொன்னது

ஒரே டேனிஷ் அரசரின் கீழ் இருந்த தரங்கம்பாடி இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகள் முன்பே வேறு பதில் கண்டுபிடித்திருந்தது. சீகன்பால்கு 1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கினார். 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவம். உள்ளே மேல்சாதியார் ஒரு பக்கம், தலித்துகள் இன்னொரு பக்கம். சாதி என்பது மதமல்ல, குலப் பழக்கம், காலப்போக்கில் கரைந்துவிடும் என்பது லுத்தரன் மிஷனரிகளின் கணக்கு. அதனால் தமிழ்நாட்டில் குடும்பம் குடும்பமாகச் சபைக்கு வந்தார்கள். பந்தியும் சம்பந்தமும் பழையபடியே இருந்தன. கரையும் என்ற கணக்கு மட்டும் பொய்த்தது.

கணக்கை நேர் செய்ய வந்த உத்தரவும் கல்கத்தாவிலிருந்துதான் வந்தது. கல்கத்தா ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக ஒழிய வேண்டும் என்று 1833-ல் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரி, தஞ்சாவூர், திருச்சி சபைகளில் பலர் வெளியேறினார்கள். 1835 தொடக்கத்தில் பிஷப்பே நேரில் வந்தும் எல்லோரும் சமாதானமாகிவிடவில்லை.

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார். சரபோஜி மன்னரின் சம காலத்தவர். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் தந்தை என்று சொல்லத் தக்கவர். இளைய தலைமுறை மிஷனரிகள் சாதியில் கை வைக்கத் தொடங்கிய 1829-லேயே ‘சாதி திருத்தலின் பயித்தியம்’ என்று ஒரு நூல் எழுதினார். அவருடைய கோபம் சாதிக்காக மட்டும் அல்ல. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், கல்யாணத்துக்குப் பூ கூடாது என்கிறார்கள், கீர்த்தனை பாடக்கூடாது என்கிறார்கள் என்பதும் அவர் குற்றச்சாட்டுப் பட்டியலில் இருந்தது. பூவிலும் பாட்டிலும் நியாயம் அவர் பக்கம். திருவிருந்துக் கிண்ணத்தில் இல்லை.

செராம்பூரைப் புகழ்வதிலும் அளவு வேண்டும். அங்கே சபைக்கு வந்தவர்கள் மிகச் சிலர். குடும்பத்தையே பணயம் வைக்கச் சொல்லும் மதத்துக்குக் கூட்டம் சேராது. தமிழ்நாட்டில் சபைகள் பெருத்தன. சாதியும் கூடவே வந்தது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர் பல ஆண்டுகள் செய்தியாக இருந்தது. விழுப்புரம் பக்கம் இறையூரில் 2008 மார்ச்சில் ஒரே பங்கைச் சேர்ந்த இரு சாதியாரின் மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, இரண்டு பேர் இறந்தார்கள். ஆலயத்தில் சம இடம், சவ ஊர்வலத்துக்குப் பாதை என்பவைதான் அங்கே பிரச்சினை. இத்தனைக்கும், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்ற வாதத்தில் தலித் கிறிஸ்தவர்களுக்கு 1950-ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவு தாழ்த்தப்பட்டோர் சலுகையைத் தரவில்லை. சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் கதவு திறந்தது.

நதிக்கரையில் இன்று

தமிழகப் போதகர்களில் பலருக்கு செராம்பூர் என்றால் பட்டம். கேரியும் மார்ஷ்மனும் வார்டும் 1818-ல் தொடங்கிய கல்லூரிக்கு டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரெடரிக் 1827-ல் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனம் கொடுத்தார். அந்தச் சாசனத்தின் பலத்தில்தான் மதுரை அரசரடியிலும் சென்னை குருகுலத்திலும் இறையியல் படித்தவர்களுக்கு இன்றும் செராம்பூர் செனட்டின் பெயரில் பட்டம் கிடைக்கிறது. கல்லூரி ஆற்றைப் பார்த்து நிற்கிறது. கலை, அறிவியல் படிக்க வரும் வங்காளி மாணவர்களே அங்கே பெரும்பான்மை. அந்தப் பிரிவுகள் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை.

ஊரின் இன்னொரு முனை மாஹேஷ். பூரிக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பழைய ஜகந்நாதர் தேர்த் திருவிழா இங்கேதான் என்று ஊர்க்காரர்கள் பெருமைப்படுவார்கள். ஆனி மாத வாக்கில் தேர் இழுக்க வரும் கூட்டத்தில் ரயில் நிலையமே திணறும். ஓலே பீ தொடங்கி, அவர் 1805-ல் மறைந்த பிறகு கட்டி முடிந்த செயின்ட் ஒலாவ் ஆலயம் பாழடைந்து கிடந்தது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் உதவியோடு பழுது பார்த்து, 2016-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் வாங்கிவிட்டார்கள். பழைய டேனிஷ் விடுதி 2018-ல் புதுப்பிக்கப்பட்டு, கொல்கத்தாக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்க வரும் இடமாகிவிட்டது. கேரி 1834 ஜூன் 9 அன்று இதே ஊரில் இறந்து இதே ஊரில் அடக்கமானார்.

தச்சர் உளியைக் கீழே வைத்த பிறகு ஊர் ஊராகப் போனார். தன் வீட்டருகே சொந்தச் செலவில் ஒரு சிறு ஜெப வீடு கட்டினார். கல்கத்தாத் தெருக்களிலும் ஜெஸ்ஸூரிலும் பேசினார். 1813-ல் சில்ஹெட் பக்கம் காசி மலையடிவாரத்துக்குப் போய், அந்த மலைவாசிகளில் முதல் சிலருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1822-ல் காலரா அவரைக் கொண்டுபோயிற்று. அவர் வங்காளியில் இயற்றிய பாட்டு ஒன்றை மார்ஷ்மன் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது இங்கிலாந்து, அமெரிக்கப் பாட்டுப் புத்தகங்களில் இடம்பிடித்து, அந்த நாடுகளின் ஆலயங்களில் தலைமுறைகளாகப் பாடப்பட்டது. ஆசிரியர் பெயர் போடும் இடத்தில் அந்தப் புத்தகங்களிலும் இருப்பது பழைய பெயர்தான்: கிருஷ்ண பால்.